புதன்கிழமை மச்சானோடு கெண்டை பிடிக்கப் போனேன்

லிஃப்டின் அடிக்குழிக்குள் குனிந்து நின்றுகொண்டிருந்தபோது சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. கையெல்லாம் கிரீஸ். மேலே ஏறி வந்து, துணியில் துடைத்துவிட்டுப் பார்த்தேன். "புதன் எனக்கு ஆஃப். மீன் பிடிக்கப் போவோமா" என்று இருந்தது. கேள்விக்குறிகூட இல்லை.

அனுப்பியவன் என் மச்சான். என் மனைவியின் தம்பி. அவரும் நானும் விவாகரத்து பெற்று ஐந்து வருடம் ஆகிவிட்டதால், முன்னாள் மனைவியின் தம்பி என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஐந்து வருடத்தில் அவனிடமிருந்து வந்த முதல் செய்தி அது.

அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் நாங்கள் இருவரும் ஒன்றாக மீன் பிடித்தவர்கள். கடலுக்குப் போக மாட்டோம்; எனக்குப் படகு ஒத்துவராது. தீவின் வடமேற்கில், பண்ணைகள் இருக்கும் பக்கம், பழைய மீன்பண்ணை ஒன்றை ஏரிபோல் அகலப்படுத்தி வைத்திருந்தார்கள். கட்டணம் கட்டிவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்து கெண்டை பிடிக்கலாம். பிடித்ததைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். எனக்குக் கல்யாணமான புதிதில் அவன்தான் என்னை அங்கே கூட்டிப்போனான். அவன் பஸ் ஓட்டுகிறவன், நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இருவருக்கும் ஷிப்ட் வேலை, வார நாளில் விடுப்பு கிடைக்கும். வார நாளில் அந்த ஏரியில் ஆளே இருக்காது.

விவாகரத்துக்குப் பிறகு, என்னைக் கூப்பிட்டால் அக்காவுக்குச் செய்யும் துரோகமாகிவிடும் என்று அவன் நினைத்திருப்பான். நான் கூப்பிட்டால் அவனைச் சங்கடத்தில் மாட்டிவிடுவேன் என்று நான் நினைத்தேன். இப்படி ஒருவருக்கொருவர் நல்லது நினைத்தே ஐந்து வருடம் போய்விட்டது.

"போவோம்" என்று பதில் எழுதினேன். பிறகு அந்த லிஃப்டை இரண்டு தடவை மேலும் கீழும் ஓட்டிச் சோதித்தேன். முதல் தடவை ஓட்டியபோது எதையுமே நான் கவனித்திருக்கவில்லை.

எங்கள் பிரிவில் சொல்லும்படியான சம்பவம் எதுவும் கிடையாது. குடி இல்லை, அடி இல்லை, மூன்றாவது ஆள் இல்லை. நான் வேலை முடிந்து வந்தால் வாயைத் திறக்க மாட்டேன். அவர் பேசிப் பார்த்தார், பிறகு சண்டை போட்டுப் பார்த்தார், பிறகு அவரும் பேசுவதை நிறுத்தினார். இரண்டு பேரும் பேசாத வீட்டில் எங்கள் ஒரே மகள் வளர்ந்து பல்கலைக்கழகத்துக்கும் போனாள். அதன் பிறகு அவர் குவீன்ஸ்டவுன் வீட்டில் மகளோடு இருந்தார். நான் பூன் லேயில் ஓர் அறை வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மகள் என்னைக் கைவிடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு சைவக் கடையில் சந்திப்போம். தோசை சாப்பிடுவோம், அவள் பேசுவாள், நான் கேட்பேன். அங்கேதான் தன்னோடு வேலை செய்யும் பையனைப் பற்றிச் சொன்னாள். பிறகு நிச்சயம் செய்துகொண்டதைச் சொன்னாள். கோயில், மண்டபம், சேலையின் நிறம், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று ஒவ்வொரு சந்திப்பிலும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அன்றைக்கு நான் எங்கே உட்காருவேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் சொல்லாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய பட்டமளிப்பு விழாவுக்கு நான் போயிருந்தேன். அம்மா பக்கத்து உறவினர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில் நின்று பார்த்தேன். எல்லோரும் போட்டோ எடுக்க வெளியே புல்வெளியில் கூடியபோது, யாரும் பார்க்காமல் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்துவிட்டேன். "எங்கப்பா இருக்கீங்க?" என்று அவள் கூப்பிட்டபோது ரயில் இரண்டு நிலையம் தாண்டியிருந்தது. அவசர வேலை என்று பொய் சொன்னேன். அவள் நம்பியதுபோலப் பேசினாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் இரைக்கு வேண்டியதை வாங்கத் தேக்காவுக்குப் போனேன். எங்களுடைய இரை நாங்களே பல வருடம் மாற்றி மாற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தது. வறுத்த கடலைமாவு, ரவை, பொடித்த சோம்பு, வெல்லம், துளி பெருங்காயம், நன்றாகக் கனிந்த வாழைப்பழம். மளிகைக் கடையில் கல்லாவில் இருந்த பெண் சாமான்களைப் பார்த்துவிட்டு, "லட்டு பிடிக்கப் போறீங்களாண்ணே?" என்று கேட்டாள். ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போலிருந்தது.

"இல்லம்மா, கெண்டைக்கு."

"கெண்டைக்கு யாராச்சும் வெல்லம் போடுவாங்களா?"

"குழம்புக்கு இல்லம்மா. மீன் சாப்பிடுறதுக்கு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லா சாப்பிடுது உங்க ஊரு மீனு" என்றாள்.

வீட்டுக்கு வந்து மாவைப் பிசைந்து வைத்தேன். தண்ணீர் அதிகமானால் முள்ளில் நிற்காது, குறைந்தால் கல்லாகிவிடும். கை மறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த தூண்டில் கோலை எடுத்துத் தூசி துடைத்தேன். ரீலைச் சுற்றிப் பார்த்தேன், சத்தம் ஒழுங்காகத்தான் இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அதை நான் தொடவே இல்லை.

காலை ஏழு மணிக்கு புக்கிட் பாஞ்சாங் பஸ் இன்டர்சேஞ்சில் சந்திப்பதாகப் பேச்சு. நான் போனபோது அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. முதுகில் தூண்டில் பை, ஒரு கையில் வலை, இன்னொரு கையில் துணிப்பையில் அடுக்குப் பாத்திரம். 

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன். ரொம்ப நேரமா நிக்கிறியா?"

"இல்ல, இப்பதான்."

கை கொடுப்பதா, தோளைத் தட்டுவதா என்று இருவருக்கும் தெரியவில்லை. பஸ் வந்தது. நல்லவேளை என்று ஏறிவிட்டோம்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அவன் என்னை எதுவும் சொல்லி அழைக்கவில்லை. முன்பெல்லாம் அவன் பேச்சில் அத்தான் இல்லாத வாக்கியமே இருக்காது. அத்தான் கோப்பி குடிக்கிறீங்களா, மழை வரும்போல இருக்கு அத்தான், அத்தான் அந்தத் தக்கையைப் பாருங்க. இப்போது "இங்க உக்காருங்க", "சாப்பிட்டாச்சா?" என்று அந்த இடத்தை மட்டும் தாண்டித் தாண்டிப் பேசினான். நானும் அப்படித்தான் மச்சான் என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டப்படி நாங்கள் ஒருவருக்கொருவர் யாரும் இல்லை. அதற்கு என்ன சொல்லி அழைப்பது?

அவனுடைய முழங்கால் வலி, புதிதாக வந்திருக்கும் மின்சார பஸ்கள் சத்தமே போடாதது, அதனால் ரோட்டைக் கடக்கிறவர்கள் பார்க்காமல் குறுக்கே வருவது, இதையெல்லாம் பேசினோம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கு முன்னாலும் அவனுடைய வலது கால் தரையை அழுத்தியது.

"இன்னிக்கு நீ ஓட்டல" என்றேன்.

அவன் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "வீட்டுல சோபாவுல உக்காந்தாலும் இப்படித்தான். பொண்டாட்டி திட்டுது."

அடுக்குமாடிகள் முடிந்து, கல்லறைகள் முடிந்து, மரங்கள் ரோட்டின் மேல் கவிந்துகொள்ளும் இடத்தில் இறங்கினோம். பத்து நிமிடம் மண்பாதையில் நடந்தால் ஏரி. பெரிதாக எதுவும் மாறியிருக்கவில்லை. தகரக் கூரை போட்ட அதே கொட்டகை. தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. எதிர்க்கரையில் ஓர் உடும்பு வெயிலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அவ்வப்போது போர்விமானம் ஒன்று தலைக்கு மேல் கிழித்துக்கொண்டு போகும். அது போன பிறகு அமைதி இன்னும் கூடியது போலிருக்கும்.

ஏரியை நடத்தும் சீனப் பாட்டி எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார். "லாமா தக் நம்பக் லா" என்றார் மலாயில். பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று. பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிக் காட்டி, "அண்ணன் தம்பி சண்டையா? ரெண்டு பேருமே வரல?" என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்டார். இத்தனை வருடமும் எங்களை அவர் அண்ணன் தம்பி என்று நினைத்திருக்கிறார்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தான். பிறகு நிமிர்ந்து, "சண்டை இல்ல ஆன்ட்டி. வேலை பிஸி லா" என்றான். அண்ணன் தம்பி இல்லை என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பாட்டி பால் சேர்க்காத கோப்பி ஓ இரண்டு கொண்டுவந்து வைத்தார்.

நிழல் இருக்கும் மூலையில் உட்கார்ந்தோம். மாவு டப்பாவைத் திறந்ததும் அவன் முகர்ந்து பார்த்தான்.

"சோம்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே."

"பழம் ரொம்பக் கனிஞ்சுருச்சு. அதுக்காகக் கூடப் போட்டேன்."

"நல்லதுதான். தண்ணி கலங்கியிருக்கு. வாசனையிலதான் வரும்."

முதல் இரண்டு உருண்டைகளை முள்ளில்லாமல் தண்ணீரில் போட்டோம், மீன் கூடுவதற்கு. பிறகு தூண்டிலை வீசிவிட்டு, தக்கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். கெண்டை பிடிப்பதில் பெரும்பகுதி இப்படி உட்கார்ந்திருப்பதுதான். பேசாமல் இருந்தால் யாரும் தப்பாக நினைக்காத இடம் என்பதால்தான் எனக்கு அது பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்பதரை மணிவாக்கில் அவனுக்கு ஒரு சின்னக் கெண்டை கிடைத்தது. உள்ளங்கை நீளம். "குழந்தை" என்று சொல்லி விட்டுவிட்டான். கொஞ்ச நேரத்தில் என் தக்கை ஒருமுறை துள்ளி, பக்கவாட்டில் நகர்ந்து, சட்டென்று உள்ளே போனது. கோலைத் தூக்கினேன். நல்ல கனம். ஒரு விநாடி. பிறகு பட்டென்று அறுந்து, கோல் லேசாகி என் கையில் நின்றது.

மச்சான் எழுந்து வந்து அறுந்த நுனியை விரலில் சுற்றி இழுத்தான். நூல் சாதாரணமாக இழுத்ததற்கே மறுபடி அறுந்தது.

"லைனை எப்ப மாத்துனீங்க?"

"மாத்தல."

"எப்ப இருந்து மாத்தல?"

"கடைசியா நாம வந்தப்ப போட்டதுதான்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு தடவகூட நீங்க தனியா வரலையா?" என்று ரீலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"வரணும்னு தோணல. நீ?"

"நானும் வரல. ராடை மட்டும் துடைச்சுத் துடைச்சு வைப்பேன்."

அவன் பையிலிருந்து புதிய நூல் சுருளை எடுத்தான். நான் ரீலைப் பிடித்துக்கொள்ள, அவன் பழைய நூலை முழுவதும் உருவி எறிந்துவிட்டு, புதியதைச் சுற்றிக் கொடுத்தான். முள்ளையும் அவனே கட்டினான். எனக்கு இப்போது கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி வேண்டும், கொண்டுவர மறந்திருந்தேன். அதை நான் சொல்லவில்லை. நான் முள்ளைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவனாகவே வாங்கிக்கொண்டான்.

பதினொன்றரைக்குப் பசித்தது. அவன் அடுக்குப் பாத்திரத்தைத் திறந்தான். புளிச்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை. முதல் வாய் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் சாப்பிட்ட கை. வேர்க்கடலையை அப்படியே போடாமல் ஒன்றிரண்டாக இடித்துப் போடுவது அந்த ஒரு வீட்டில்தான்.

"இது உன் வீட்டுச் சாப்பாடு இல்ல" என்றேன்.

"இல்ல. நேத்து சாயங்காலம் டூட்டி முடிஞ்சு குவீன்ஸ்டவுன் போயிருந்தேன். மீன் பிடிக்கப் போறேன், ரெண்டு ஆளுக்குச் சாப்பாடு வேணும்னு சொன்னேன். அக்கா காலைல சீக்கிரமா எழுந்திரிச்சுச் செஞ்சு வெச்சிருந்தாங்க. முத பஸ்ஸப் புடிச்சுப் போயி வாங்கிட்டு வந்தேன்."

"இன்னொரு ஆளு யாருன்னு கேட்டாங்களா?"

"கேக்கல."

அவன் ஒரு வாய் சாப்பிட்டான். மென்று விழுங்கிவிட்டு, "ஆனா காரமே இல்ல பாருங்க" என்றான்.

நான் பாத்திரத்தைப் பார்த்தேன். வறுவலில் மிளகாய்த்தூளின் சிவப்பே இல்லை. மிளகு மட்டும் தூவியிருந்தது. அவன் பச்சை மிளகாயை அப்படியே கடித்துச் சாப்பிடுகிறவன். வயிற்றுப்புண் உள்ளவன் நான்தான். அவருடன் இருந்த கடைசிச் சில வருடங்களில் வீட்டில் இரண்டு விதமாகச் சமைப்பார், பேசாமலேயே என் பங்கைத் தனியாக மூடி வைப்பார். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

பாத்திரங்களைக் கழுவிக்கொண்டு வந்த பிறகு, தூண்டில்களை மறுபடி வீசினோம். அப்போதுதான் அவன் வந்த விஷயத்தைச் சொன்னான்.

"கல்யாணத்துல தாரை வார்த்துக் கொடுக்குறதுக்கு என்னைய உக்காரச் சொல்லிருக்கு பிள்ள. நானும் என் பொண்டாட்டியும்."

"ம்."

"சரின்னு சொல்லிட்டேன். தாய்மாமன் நான், எப்படி முடியாதுன்னு சொல்றது? அன்னியிலேருந்து எனக்கு மனசே சரியில்ல. அது என் எடம் இல்ல. மாமன் சீரு எவ்வளவு வேணுமோ செய்வேன். கையப் புடிச்சுக் குடுக்க வேண்டியது நான் இல்ல."

நான் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அவ என்கிட்ட ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"எப்படிக் கேக்கும்? பட்டமளிப்பு அன்னிக்கு நீங்க போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடியே போயிட்டீங்க. எல்லாரும் நின்னுகிட்டு இருக்காங்க, போட்டோக்காரரு கேமராவ வெச்சுக்கிட்டு நிக்கிறாரு, பிள்ள உங்களத் தேடிக்கிட்டு ஹால சுத்தி ஓடுது. கேட்டு, நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா அது தாங்காது. அதான் கேக்காமலே இருக்கு."

அவள் ஓடித் தேடியது எனக்குத் தெரியாது. அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"உங்க அக்கா பக்கத்துல நான் எப்படி உக்கார முடியும்? உங்க பெரியப்பா வீட்டுக்காரங்க எல்லாம் என்ன சொல்லுவாங்க?"

"அவங்க என்னமும் சொல்லிட்டுப் போறாங்க. ஐயர்கிட்ட நான் கேட்டுட்டேன். பெத்தவங்க ரெண்டு பேரும் சம்மதிச்சு உக்காந்தா அதுதான் முறைன்னு சொல்லிட்டாரு. அக்காகிட்ட இன்னும் கேக்கல. மொதல்ல உங்களக் கேக்கணும்னு..."

அவன் முடிக்கவில்லை. என் கோல் தாங்கியிலிருந்து பாதி எழும்பி, முனை தண்ணீரை நோக்கி வளைந்தது. நான் பாய்ந்து பிடித்தேன். ரீல் கிர்ரென்று கத்தியது. நூல் என்னைக் கேட்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"அத்தான், விடாதீங்க" என்றான். "இழுக்காதீங்க, போக விடுங்க. அந்தக் கட்டைப் பக்கம் மட்டும் விட்டுடாதீங்க அத்தான்."

தண்ணீருக்குள் முறிந்து கிடந்த மரக்கட்டை ஒன்று இடப்பக்கம் இருந்தது. அதைச் சுற்றிவிட்டால் கதை முடிந்தது. நான் கோலை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டே கரையோரம் நடந்தேன். மீன் நின்றது, மறுபடி ஓடியது. கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கும். தோள்பட்டை எரிந்தது. "மச்சான், கை நடுங்குதுடா" என்றேன். "நடுங்கட்டும். நான் வலையோட நிக்கிறேன்" என்றான்.

கடைசியில் அது மேலே வந்து பக்கவாட்டில் புரண்டபோதுதான் அளவு தெரிந்தது. பொன் நிறம், ஒவ்வொரு செதிலும் நாணயம் அளவு. வலை எட்டவில்லை. மச்சான் யோசிக்கவே இல்லை. முழங்கால் வலிக்காரன், செருப்போடு சேற்றுக்குள் இறங்கி, தொடை வரை நனைந்து, வலையை அதன் அடியில் கொடுத்துத் தூக்கினான். மேலே ஏற நான் கை கொடுத்தேன். ஒரு செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது.

பாட்டி தராசைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இந்த வருடம் இதுதான் பெரியது என்று சொல்லி, எங்களை ஒட்டி நிற்கவைத்து மச்சானின் கைப்பேசியில் அவரே படம் எடுத்தார். முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். செவுள் இரண்டு முறை, மூன்று முறை திறந்து மூடியது. என் கைக்குள் அதன் உடம்பு இறுகுவதை உணர்ந்தேன். ஓர் உதறல், போய்விட்டது. என் சட்டை முழுக்க நனைந்தது.

இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம், எதற்கென்று தெரியாமல். பிறகு நான், "உக்கார்றேன்னு சொல்லு" என்றேன்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? நான் சொல்ல மாட்டேன்." சேறு அப்பிய காலைப் புல்லில் தேய்த்துக்கொண்டே அவன் சொன்னான். "நீங்க சேர்ந்து இருந்தப்பவும் அந்த வீட்டுல எல்லாத்தையும் நடுவுல நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், அத்தான். இது நீங்க சொல்லணும்."

கைப்பேசியை எடுத்துக்கொண்டு கொட்டகையின் மறுபக்கம் போனேன். வேலை நேரம், எடுக்க மாட்டாள் என்று பாதி நம்பிக்கையோடுதான் அழைத்தேன். எடுத்துவிட்டாள்.

"அப்பா? என்னப்பா, உடம்பு சரியில்லையா?" நான் வேலை நேரத்தில் அழைத்ததே இல்லை.

"நல்லா இருக்கேன். மாமாகூட மீன் பிடிக்க வந்திருக்கேன்."

"எந்த மாமா? நம்ம மாமாவா?"

"ஆமா." அடுத்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனாலும் வந்தது வேறு மாதிரி. "உனக்குத் தாரை வார்த்துக் குடுக்க நான் உக்காரணும்னு எனக்கு ஆசையா இருக்கும்மா. நீயும் அம்மாவும் சரின்னா. இதை நான் எப்பவோ சொல்லியிருக்கணும்."

அந்தப் பக்கம் அலுவலகத்தில் யாரோ சிரிப்பது தூரத்தில் கேட்டது. ஒரு கதவு மூடியது. வெளியே வந்திருப்பாள்.

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"நிஜமா."

"எல்லாரும் வருவாங்கப்பா. பெரிய தாத்தா வீடு, சின்னம்மா, எல்லாரும். பாதியில கெளம்பிட மாட்டீங்களே? போட்டோ எடுக்குற வரைக்கும் இருப்பீங்களா?"

"கடைசி போட்டோ வரைக்கும் இருப்பேன். அன்னிக்குச் செஞ்சது தப்பு. நீ தேடுனது எனக்குத் தெரியாது."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அம்மாகிட்ட நான் பேசுறேன்" என்றாள். பிறகு, "மீன் கெடைச்சுதா?" என்று கேட்டாள்.

"ஏழு கிலோ."

"பொய்."

"மாமாகிட்ட படம் இருக்கு. அனுப்பச் சொல்றேன்."

அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் பிடிபடவில்லை. மூன்று மணிக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது, கிளம்பினோம். பாட்டி தன்னுடைய பழைய ரப்பர் செருப்பு ஒன்றை மச்சானுக்குக் கொடுத்தார். அவன் ஒரு காலில் கறுப்பும் ஒரு காலில் இளஞ்சிவப்புமாகப் பஸ்ஸில் ஏறினான். ஓட்டுநர் அவனுக்குத் தெரிந்தவர். அவர் செருப்பைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை குவீன்ஸ்டவுன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மகளின் அம்மாவும் நானும் பேசி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"பிள்ள சொன்னுச்சு" என்றார். 

"ம். உங்களுக்குச் சரியா?"

"எனக்கென்ன. அதோட கல்யாணம்." பிறகு, "வேட்டி நீங்களே எடுத்துக்குவீங்களா?"

"எடுத்துக்குறேன்."

"பட்டு எடுங்க. காட்டன் எடுத்துட்டு வந்து நின்னுடாதீங்க."

"சரி." வைத்துவிடுவாரோ என்று அவசரமாக, "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றேன். அவரோடு வாழ்ந்த காலத்தில் அதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

"காரம் இல்லையே?"

"இல்ல."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்துக் கல்யாணம் நடந்தது. அவருடைய பெரியப்பா வீட்டில் ஒருவர் முகத்தைத் தூக்கிக்கொண்டார் என்றும், மச்சான் அவரை வெளியே அழைத்துப்போய் ஏதோ பேசினான் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். திரும்பி வந்தபோது அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

மனையில் நானும் மகளின் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. என் கைகள் கீழே, அவற்றின்மேல் தேங்காயோடு மகளின் கைகள். மருதாணி இட்ட விரல்கள் சில்லென்றிருந்தன. ஐயர் சொன்னதும் அவர் செம்பைச் சாய்த்தார். தண்ணீர் மெல்லிசாக விழ வேண்டும். செம்பு அதிகமாகச் சாய்ந்ததில் சளசளவென்று கொட்டி, என் பட்டு வேட்டியின் மடியெல்லாம் ஈரமாகிவிட்டது.

"ஐயோ" என்றார் மெதுவாக. "மன்னிச்சுக்குங்க."

"பரவால்ல. ஊத்துங்க" என்றேன்.

அவர் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இந்த முறை சரியாக ஊற்றினார். மகள் குனிந்த தலையை நிமிர்த்தி எங்கள் இருவரையும் பார்த்தாள். மேளம் உயர்ந்தது, பின்னாலிருந்து அட்சதை வந்து விழுந்தது. எனக்குத் திடீரென்று நல்ல பசி எடுத்தது. விடிந்ததிலிருந்து நான் ஒன்றுமே சாப்பிட்டிருக்கவில்லை.